பழபானமும் தராசில் ஏறாத விலையும்

 



அளவையில் மோசம் செய்வோரைப் பற்றி அருள்மறை குர்ஆனில் ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. பிறரிடமிருந்து வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களுக்குக் கேடு உண்டு என்று அல்லாஹு தஆலா எச்சரிக்கின்றான் (83:1-3). இந்த வசனங்களைக் கேட்டதும் நம் மனக்கண் முன் ஒரு மளிகைக் கடைக்காரரும் அவருடைய எடைக்கல்லும் வந்து நிற்கின்றன. வாங்குபவனாகிய நானும் அளவையில் குறை செய்யக்கூடும் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

ஒரு பொருளுக்கு நான் கொடுக்கும் காசு பத்து ரூபாய். அந்தப் பொருள் என் கைக்கு வந்து சேர எவரெவருடைய தண்ணீரும், உழைப்பும், உடல்நலமும் செலவாயின? அவற்றுக்கும் சேர்த்தா நான் விலை கொடுத்தேன்? அந்தச் செலவை வேறு எவரோ சுமந்திருந்தால், நான் நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு குறைவாக அளந்து கொடுத்தவன் ஆகமாட்டேனா? இன்றைய ஜும்ஆவில் நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான். எடுத்துக்காட்டாக நம் அனைவர் வீட்டிலும் புழங்கும் ஒரு சிறிய பொருளையே எடுத்துக்கொள்வோம். அது அட்டைப் பெட்டியிலும் புட்டியிலும் அடைத்து விற்கப்படும் பழபானம்.

ஒரு ரமளான் இரவில்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த வியாபாரி ஒருவர், ரமளான் மாதம் முழுவதும் நோன்பு திறப்போருக்கு நாள்தோறும் முந்நூறு மாம்பழபானப் பெட்டிகளை அன்பளிப்பாகத் தந்தார். நல்ல மனிதர், நல்ல நிய்யத். நானும் மிம்பரில் அவர் பெயரைச் சொல்லி துஆ செய்தேன். நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது பள்ளிவாசலுக்கே ஒரு செழிப்பு வந்தது போல் தோன்றியது.

ஒருநாள் தராவீஹ் முடிந்து வெளியே வந்தேன். குப்பை அள்ளும் பெண்மணி ஒருவர் வாசற்படியில் அமர்ந்து, காலிப் பெட்டிகளைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க பாய், அட்டைன்னு எடைக்குப் போட்டாலும் கடையில வாங்க மாட்டேங்கறாங்க. பிளாஸ்டிக்குன்னு போட்டாலும் வாங்க மாட்டேங்கறாங்க. நீங்க குடிச்சுப் போட்டுட்டீங்க. இதை நாங்க என்னதானுங்க பண்றது?" என்று கேட்டார்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆயினும் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முந்நூறை முப்பதால் பெருக்கிப் பார்த்தேன். ஒன்பதாயிரம் பெட்டிகள்! ஒரு பள்ளிவாசலில், ஒரு மாதத்தில்! அந்தப் பெட்டி வெறும் அட்டை அன்று. அட்டை, பாலித்தீன், அலுமினியத் தகடு ஆகிய மூன்றும் ஏடு ஏடாக ஒட்டப்பட்டது. அவற்றைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டும். ஆகவேதான் எடைக்கடைக்காரர் அதைத் தொடுவதில்லை. தர்மம் செய்தவருக்கும் குடித்தவர்களுக்கும் நன்மை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் சுமை. இந்தக் கணக்கு எனக்கு நேராகப் படவில்லை.

பிளாச்சிமடை எழுதிய கணக்கு

மறைந்திருக்கும் இத்தகைய செலவை எப்படி அளப்பது என்று நீங்கள் கேட்கலாம். நம் கோவைக்கு அண்மையில், கேரள எல்லைக்குள், பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்ற ஊர் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு அங்கே கொக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. நுரைபொங்கும் பானங்களோடு மாம்பழபானமும் அங்கே புட்டிகளில் அடைக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளுக்குள் சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் குறைந்தது. இருந்த நீரும் உப்பேறிச் சமைக்கவும் குளிக்கவும் உதவாமல் போயிற்று என்று மக்கள் முறையிட்டனர். ஆலைக் கழிவு, உரம் என்ற பெயரில் உழவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. 2003இல் அதைச் சோதித்தபோது காட்மியம், ஈயம் ஆகிய நச்சு உலோகங்கள் இருப்பது தெரியவந்தது.

தண்ணீருக்காக நெடுந்தூரம் நடக்க நேர்ந்தது பெண்களுக்கு. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. அதன் முன்னணியில் நின்றவர் மயிலம்மா என்ற பழங்குடிப் பெண்மணி. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007இல் காலமானார்.

பிறகு கேரள அரசு ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. 2010இல் அக்குழு தந்த அறிக்கையில், ஊரார் அடைந்த இழப்பு இனம் இனமாகக் கணக்கிடப்பட்டது. வேளாண்மை இழப்பு 84.16 கோடி ரூபாய். நீர்வளம் மாசுபட்டதற்கு 62.10 கோடி. உடல்நலக் கேட்டுக்கு 30 கோடி. மக்களுக்குக் குடிநீர் கொண்டுவந்து கொடுக்க 20 கோடி. கூலி இழப்புக்கும் வாய்ப்பிழப்புக்கும் 20 கோடி. ஆக மொத்தம் 216.26 கோடி ரூபாய்.

சகோதரர்களே! இந்த ஐந்து இனங்களில் எதுவும் அந்தப் புட்டிகளின் விலைச்சீட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. பானத்தை வாங்கியவர் அதைக் கொடுக்கவில்லை, விற்றவரும் கொடுக்கவில்லை. குடிக்காதவர்களே அதைச் சுமந்தார்கள். நிறுவனம் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் அமைப்பதற்கான மசோதா 2011 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை, அது சட்டமாகவில்லை. இவ்வுலகில் ஒரு வழக்கு அடைபட்டுப் போகலாம். அணுவளவு நன்மையையும் அணுவளவு தீமையையும் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதாக அல்லாஹ் வாக்களித்த நாளில் (99:7-8) எந்தக் கணக்கும் அடைபடாது.

நம் கொங்கு மண்ணிலும் இந்தக் கேள்வி எழுந்தது. ஈரோடு மாவட்டம் பெருந்துறை சிப்காட்டில் அதே குழுமத்தின் பானத் தொழிற்சாலைக்கு 71 ஏக்கருக்கு மேல் நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. சாய, தோல் ஆலைகளின் கழிவால் முன்பே நிலத்தடி நீரை இழந்து வாடிய மக்கள், உழவர்களோடும் வணிகர்களோடும் சேர்ந்து எதிர்த்தனர். 2015 ஏப்ரலில் அந்த ஒதுக்கீடு ரத்துச் செய்யப்பட்டது.

தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள் (அபூதாவூத்). மதீனாவில் ரூமா என்ற கிணறு இருந்தது. அதன் நீர் விலைக்கே கிடைத்தது. அதை வாங்கி, எல்லோருடைய வாளியோடும் தம் வாளியையும் சமமாக இறக்குபவர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து அதை வாங்கினார்கள்; மக்களுக்கு வக்ஃபாக விட்டார்கள். பொதுநீரைத் தனியார் விலைப்பொருளாக்குவது ஒரு வழி. விலைப்பொருளைப் பொதுநீராக்குவது மற்றொரு வழி. உஸ்மான் (ரலி) அவர்கள் நடந்து காட்டியது இரண்டாவது வழி.

ஒரு பெட்டியும் நாற்பது உளூவும்

ஆலை உறிஞ்சும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிவது. அதைவிடப் பன்மடங்கு தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் பானத்தினுள் ஒளிந்திருக்கிறது. பானத்தில் பெரும்பங்கு நீரும் சர்க்கரையும். சர்க்கரை கரும்பிலிருந்து வருகிறது. கரும்பு எவ்வளவு நீர் குடிக்கும் பயிர் என்பதைக் கோபி, சத்தியமங்கலம் பகுதி உழவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு பொருளுக்குப் பின்னால் செலவான நீரை அளக்கும் முறையை நெதர்லாந்து நாட்டுப் பேராசிரியர் ஹூக்ஸ்ட்ரா வகுத்தார். அம்முறைப்படி, ஒரு கிலோ கரும்புச் சர்க்கரைக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 1,780 லிட்டர் நீர் செலவாகிறது. இதில் மழைநீரும் அடங்கும். ஒரு சிறிய பெட்டியில் 25 கிராம் சர்க்கரை இருந்தால், அந்தச் சர்க்கரைக்கு மட்டுமே 44 லிட்டர்.

இதை நாம் அறிந்த அளவையில் வைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. முத்து என்பது மத்ஹபுகளின் கணக்குப்படி முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. அப்படியானால் நாம் இரண்டு நிமிடத்தில் உறிஞ்சி எறியும் ஒரு பெட்டிக்குள், பெருமானார் (ஸல்) அவர்கள் நாற்பது வேளைத் தொழுகைக்கு உளூச் செய்யப் போதுமான நீர் மறைந்திருக்கிறது. உளூவில்கூட வீண்விரயம் கூடாது என்று ஹவுளின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கும் நாம், இந்த விரயத்தைத் தட்டில் ஏந்தி உபசரிக்கிறோம்.

குவியலுக்குள் விட்ட கை

கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் தம் கையை அதனுள் விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள் (முஸ்லிம்).

பழபானப் பெட்டிக்குள் நாமும் ஒருமுறை கையை விட்டுப் பார்ப்போம். முகப்பில் சாறு சொட்டும் மாம்பழம். ஆனால் நம் நாட்டு உணவு விதிப்படி, பழபானம் என்று பெயர் பெற நூற்றுக்குப் பத்துப் பங்கு பழம் இருந்தாலே போதும். எலுமிச்சைக்கு ஐந்து பங்கே போதும். பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். பல பானங்களில் 100 மில்லிக்கு 12 முதல் 15 கிராம் வரை சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த அறிவுரைப்படி, வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்துவது நலம். பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் அந்நிறுவனம் இதே கணக்கில்தான் சேர்க்கிறது. அடர்சாற்றில் மீண்டும் நீரூற்றித் தயாரிப்பவற்றுக்கு, நூறு சதவீதப் பழச்சாறு என்று எழுதக் கூடாதென 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட நேர்ந்தது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறுகிறது. அத்தனையும் பானத்தால் வந்த நோய் என்று சொல்வது அநியாயம். ஆயினும் நோயாளி நிறைந்த வீட்டில், பழம் என்று நம்பிப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை நீரை ஊட்டுவது அறிவுடைமை ஆகுமா?

சரி, அந்தப் பத்துப் பங்கு பழத்தை விளைவித்தவருக்காவது நீதி கிடைத்ததா? பானத்துக்கான மாங்கூழ் பெரும்பாலும் பெங்களூரா மாம்பழத்திலிருந்து வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் அதற்குப் பேர்போனது. 2025 பருவத்தில் அங்கே விளைச்சல் மிகுந்து, கொள்முதல் விலை கிலோ 5 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தது. பறிகூலிக்கும் கட்டாமல் உழவர்கள் பழத்தைக் கொட்டினர். 200 மில்லி பானத்தில் 20 மில்லி கூழ் என்றும், பழத்தில் பாதி கூழாகும் என்றும் வைத்தால், 40 கிராம் பழம். கிலோ 5 ரூபாய்க்கு அதன் விலை 20 காசு. இருமடங்கு கூழ் சேர்த்தாலும் 40 காசு. பெட்டியின் முகப்பில் மாம்பழத்தின் படம் பெரிது. விலைக்குள் மாந்தோப்புக்காரரின் பங்கு சிறிது.

வியர்வைக்குப் பதில் உதிரம்

சர்க்கரையின் கணக்கு இன்னும் கடுமையானது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் கரும்பு வெட்டப் புறப்படுகின்றன. முன்பணம் வாங்கிக்கொண்டு, கணவனும் மனைவியும் ஒரே கூலிக் கணக்கில் வேலை செய்கிறார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய்க்கும் ஓய்வில்லை, கழிப்பிடமும் இல்லை. 2019இல் மாநில அரசு அமைத்த குழு, அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 82 ஆயிரம் கரும்புத் தொழிலாளிப் பெண்களை விசாரித்தது. அவர்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள். அவர்களில் பலர் இளவயதுப் பெண்கள்.

வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுமாறு கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது (இப்னு மாஜா). தாயின் கருவறைக்கு அல்லாஹ் தன் ரஹ்மான் என்ற திருநாமத்திலிருந்தே பெயரிட்டான் என்று ஹதீஸில் வருகிறது. அந்த ரஹிமையே அறுத்துக்கொண்டு வேலைக்கு வரும் நிலை ஒரு பெண்ணுக்கு ஏற்பட்டால், அந்த இனிப்பின் விலையை எந்தத் தராசில் நிறுப்பது?

குடித்து முடித்த பின்

2025 மே மாதம் நம் மருதமலை அடிவாரத்தில் கருவுற்ற யானை ஒன்று விழுந்து இறந்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். பிரேதப் பரிசோதனையில் அதன் வயிற்றில் நெகிழிக் குப்பை கிடைத்தது. 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கு தீப்பற்றி எரிந்தபோது, சுற்றுவட்டார மக்கள் புகையில் மூச்சுத் திணறினர். அதில் நம் பெட்டி எது, பிறருடையது எது என்று எவரால் பிரிக்க முடியும்? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று ஓதியவர்கள் நாம். இடையூறை உண்டாக்கிப் பிறர் பாதையில் போடுவது எதன் கிளை?

ஹராமா?

இவ்வளவும் கேட்டபின், பழபானம் ஹராமா ஹஜ்ரத் என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் ஹலாலானதை உண்ணச் சொன்ன இறைவன், அதோடு தய்யிப், அதாவது தூயதாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னான் (2:168). உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்றும் கட்டளையிட்டான் (7:31). நாம் அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றி அந்நாளில் விசாரணை உண்டு என்றும் அறிவித்தான் (102:8).

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பதும் குர்ஆனின் கட்டளையே (5:8). ஆகவே நிறுவனங்களை மட்டும் ஏசிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. அந்தப் பானங்களை விற்றுப் பிழைக்கும் சிறுகடைக்காரர் நம் சகோதரர். ஆலையில் வேலை செய்பவரும் அப்படியே. கேட்பவன் இருப்பதால்தான் விற்பவன் இருக்கிறான். கேட்பவர்கள் நாம்.

நாங்கள் செய்து பார்த்தது

மறு ஆண்டு ரமளானுக்கு முன் அந்த வியாபாரியைத் தயக்கத்தோடு சந்தித்தேன். மனம் நோவாரோ, பள்ளிக்கு வரும் உதவி நின்றுவிடுமோ என்று அஞ்சினேன். குப்பை அள்ளும் பெண்மணி கேட்ட கேள்வியை மட்டும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "நன்மை குறையாதல்லவா ஹஜ்ரத்?" என்று கேட்டார். "கூடும், இன்ஷா அல்லாஹ்" என்றேன். அந்த ஆண்டு அவர் முந்நூறு எவர்சில்வர் டம்ளர்களும், நன்னாரி வேரும் எலுமிச்சையும் வாங்கித் தந்தார்.

சிக்கல் அதன் பிறகே வந்தது. முந்நூறு டம்ளர்களை யார் கழுவுவது? முதல் நாள் எவரும் முன்வரவில்லை. பெட்டியே நல்லது ஹஜ்ரத் என்று இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். நானும் நிர்வாகிகளும் அமர்ந்து கழுவினோம். அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பெட்டி வந்தபோது இந்த வேலை இல்லாமல் போய்விடவில்லை. நாம் செய்ய வேண்டியதை அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றிவைத்திருந்தோம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் முதல் இளைஞர்கள் முறைவைத்துக் கழுவினார்கள். சர்பத்தில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தோம். முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு பழகிக்கொண்டார்கள். கழுவிய நீரைப் பள்ளியின் தென்னைக்கு விட்டோம்.

ஆகவே நீங்களும் முயன்று பாருங்கள். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான் சுன்னத், மற்றவை கூடுதல். வலீமாவிலும் கந்தூரியிலும் பெட்டி பானத்துக்குப் பதில் நீர்மோரோ, பொள்ளாச்சி இளநீரோ கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பழத்தைப் பழமாகவே நறுக்கிக் கொடுங்கள். மாம்பருவத்தில் உழவரிடமே வாங்க வழியிருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். எதை வாங்கினாலும் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். குப்பையை அள்ளுபவரிடம், எது சுமையாக இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். கணக்குக் கேட்கப்படும் முன் உங்களை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியது இதற்கும் பொருந்தும்.

வானத்தை உயர்த்தித் தராசை நிலைநாட்டிய இறைவன், அந்த நிறுவையில் வரம்பு மீறாதீர்கள் என்றான் (55:7-9). அந்தத் தராசின் ஒரு தட்டில் நம் நாவின் இனிப்பும், மறு தட்டில் பிறருடைய தண்ணீரும் வியர்வையும் ஏறும் நாளில், வெட்கித் தலைகுனியாமல் நிற்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.